கமலாவுக்குத் தெரியாத ஆள்

என் மகள் கமலா, பத்து வயதில் முதன்முதலாகத் தனியே பஸ் ஏறினாள். அன்று போலீஸ் நிலையம் வரை போகவிருந்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் நாலைந்து சேர்த்துச் சொல்வாள்.

நீலசந்திராவிலிருந்து ஒக்கலிபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். ஒரே பஸ். சிட்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் அத்தை வந்து நிற்பாள். "நான் தனியாத்தான் போவேன். நீங்க வரக்கூடாது" என்று கமலா என்னிடம் சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்துவிட்டு, ஒரு வாரம் பாடம் நடத்தினேன். முன்பக்கம் பெண்களோடுதான் உட்கார வேண்டும். 'உங்கப்பாவைத் தெரியும்' என்று எவன் வந்து சொன்னாலும் நம்பக்கூடாது. (நாக்கில் சனி.)

"அவ நல்லா போய்ச் சேருவா. நீங்க ஒழுங்கா ஆபீஸ் போய்ச் சேருங்க" என்றாள் மனைவி. ஆபீசுக்குக் கிளம்புகிறவன் மாதிரியே கிளம்பினேன். மார்கழிக் குளிர் நல்ல சாக்கு. குரங்குக் குல்லாவைப் புருவம் வரை இழுத்து, மப்ளரை மூக்கு வரை சுற்றிக்கொண்டு, அதே பஸ்ஸில் பின்வழியாக ஏறினேன்.

பின்னால் ஆண்கள் கூட்டம். முன்னால் கமலாவின் ரிப்பன் மட்டும் தெரிந்தது. யாராவது மறைத்தால் ஓரடி முன்னே நகர்ந்தேன். இப்படியே நகர்ந்து ரிச்மண்ட் சர்க்கிள் வருவதற்குள் பெண்கள் இருக்கைக்கே வந்துவிட்டேன். கமலாவின் பக்கத்தில் கூடையோடு இருந்த பூக்கார அம்மாள் நிமிர்ந்தாள்.

"யோவ், ஏறினதுலேருந்து இந்தப் பொண்ணையே பாக்கறியே. யாருய்யா நீ?"

"இவ அப்பாம்மா நான்" என்றேன். மப்ளருக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கண்டக்டர் வந்தார். குல்லாவையும் மப்ளரையும் பிய்த்தெடுத்தேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பாப்பா, இவரு உங்கப்பாவா?" என்று கேட்டார் கண்டக்டர்.

கமலா என்னை உச்சியிலிருந்து செருப்பு வரை நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. எங்கப்பா ஆபீசுக்குப் போயிருக்காரு."

போலீசில் விடச் சொன்னார் ஒருவர். பஸ் ஏற்கெனவே தாமதம் என்பதால் பிழைத்தேன். "இளீரி, இளீரி" என்று கன்னடத்தில் விரட்டி, கார்ப்பரேஷன் அருகே என்னை இறக்கிவிட்டார்கள். பூக்கார அம்மாள் என் மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொள்ள, பஸ் போய்விட்டது.

அதுவரை அவள் தனியாக இல்லை. இப்போதுதான் தனியாகப் போகிறாள். (ஊரிலேயே பத்திரமான பஸ் அதுதான் என்பது இன்று புரிகிறது. அன்று அது தோன்றவில்லை.) ஒரு ஜட்காவைப் பிடித்தேன். அந்தக் குதிரைக்குப் பெண் குழந்தை இல்லை போலும். வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தது. ரயில் நிலையத்தில் மகளும் இல்லை, தங்கையும் இல்லை. என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஒக்கலிபுரம் வரை ஓடினேன்.

தங்கை வீட்டுக் கூடத்தில் கமலா உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் அந்த அம்மாள் வைத்துவிட்ட கனகாம்பரம். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன் என்கிறாள் தங்கை.

"நிஜமாவே என்னைத் தெரியலையா கண்ணு?"

"குல்லாவோட ஏறினப்பவே தெரியும்ப்பா. தெரியும்னு சொன்னா, நான் தனியா வந்ததா ஆகாதே?"

பெற்ற பெண் தெரிந்துகொண்டே 'தெரியாது' என்று சொன்னதற்காக இவ்வளவு நிம்மதி அடைந்த அப்பன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், மனைவி கமலாவைக் கூப்பிட்டு, "இவரைத் தெரியுமாடி?" என்று கேட்பாள். கமலா என்னை ஏற இறங்கப் பார்த்து, யோசித்து, அப்புறம்தான் தலையாட்டுவாள். தலையாட்டும் வரை, பஸ்ஸில் டிக்கெட்டைத் தொலைத்தவன் மாதிரி நிற்பேன்.