அத்தையின் ஒன்பதாவது பௌர்ணமி

நான் உருவாக்கிய செயலியை மொத்தம் ஆறு பேர் பயன்படுத்தினார்கள். அதில் ஒருவன் நான். மற்ற ஐந்து பேரும் வேறு வழியில்லாத சொந்தக்காரர்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன சொன்னாலும் வீட்டில் தலையாட்டுவார்கள். அந்தத் தைரியத்தில் பிறந்ததுதான் ‘விடாதே’. நீண்ட நாள் குறிக்கோளை யாரும் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் செயலி. சொன்ன நாளில் சொன்னதைச் செய்து பொத்தானை அழுத்த வேண்டும். நாள் தவறினால் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குப் போகும். ஐந்து சாட்சிகளின் போனுக்கும் தகவல் பறக்கும். மனிதன் மனசாட்சிக்குப் பயப்படமாட்டான், சொந்தக்காரனுக்குப் பயப்படுவான் என்பது என் கண்டுபிடிப்பு. தோல்வி மனதில் தைக்கட்டும் என்று பானை உடையும் சத்தத்தையும் சேர்த்தேன். (நம் ஊரில் பானையை எங்கே உடைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. சுடுகாட்டில்.)

வேங்கிக்காலில் இருக்கும் ராஜேஸ்வரி அத்தை, அப்பாவின் அக்கா. மகள் கவிதாவுக்கு நல்ல இடம் அமைய, பன்னிரண்டு பௌர்ணமி கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். “இத உன் போன்ல ஏத்துடா” என்றார். ஏற்றினேன். ஆறாவது சுற்றிலேயே கீழ்பென்னாத்தூரிலிருந்து வரன் வந்தது. பெருமை தாங்காமல், மாப்பிள்ளையின் அம்மாவையும் ஐந்தாவது சாட்சியாகச் சேர்க்கச் சொன்னார்.

ஒன்பதாவது பௌர்ணமி. அத்தை விடியற்காலையிலேயே மலையைச் சுற்றிவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் கிரிவலத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார், அப்படியே கல்யாணத் தேதியையும் பேசிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்த கையோடு, “பாருங்க சம்பந்தி, ஒம்பதாவது” என்று எல்லோர் முன்னாலும் பொத்தானை அழுத்தினார் அத்தை.

கூடத்தில் ஐந்து போன்களிலும் ஒரே நேரத்தில் பானை உடைந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். “ராஜேஸ்வரி தன் குறிக்கோளைப் பாதியில் கைவிட்டார்.”

“ஐயோ சம்பந்தி, காலைலதான் சுத்திட்டு வந்தேன். கால பாருங்க.”

“போன் எதுக்குங்க பொய் சொல்லப் போவுது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஆமா, இதச் செஞ்ச தம்பி பொண்ணுக்கு என்ன முறை?”

“என் தம்பி பையன்” என்றார் அத்தை, குரல் தேய்ந்து.

முறைப்பையன். தேதி பேசும் நேரத்தில் பானை உடைத்த முறைப்பையன். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு தம்பி. நாங்க கெளம்பிடறோம்.” அத்தையின் கண் கலங்கிவிட்டது.

“சத்தியமா இல்லைங்க” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. காதலில் தோற்றவன் குரல் மாதிரியே இருந்ததாக அம்மா பிறகு சொன்னார்.

உள்ளேயிருந்து கவிதா வந்தாள். “பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தினி நாள்னு போட்ட?”

“முப்பது.”

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். “இருபத்தொம்பதரை தம்பி.”

மாதம் அரை நாளாக ஏறி, ஒன்பதாவது சுற்றில் செயலியின் பௌர்ணமி நிஜப் பௌர்ணமியைவிட நாலு நாள் தள்ளிப்போயிருந்தது. முன்னாலோ பின்னாலோ செயலி பொறுத்துக்கொள்வது மூன்றரை நாள்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். படித்தவன் எங்கே கேட்டேன்?

“இந்த ஊர்ல பொறந்தவன்தான நீ?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“கெடுக்கணும்னு செய்யற அளவுக்கு இவனுக்கு வெவரம் இருந்தா, மொதல்ல காலண்டரப் பாத்திருப்பான் அத்தை” என்றாள் கவிதா, வருங்கால மாமியாரிடம். முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அப்புறம் தேதி குறிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

கல்யாணத்தன்று, மூன்றாவது முடிச்சு விழும்வரை என் போன் மாப்பிள்ளையின் அப்பா சட்டைப் பையில் இருந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது. போன மாதம் கவிதாவின் குழந்தைக்குக் காதுகுத்து. வாசலிலேயே அவள் புருஷன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். போனைக் கொடுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன்.