மதியைப் பள்ளி மாற்றுவது பற்றி

தியாகராய நகர்,
ஞாயிறு.

அன்பு மகன் முத்துகிருஷ்ணனுக்கு அம்மா சரோஜாதேவி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, ஜெயஸ்ரீ, மதி, நான் எல்லோரும் சௌகரியம். குழாய்த் தண்ணீர் மட்டும் சௌகரியமில்லை. மஸ்கட் வெயிலில் நீ தலைக்கு எண்ணெய் வைத்து, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க நெல்லையப்பர் துணை.

உன் மகள் ஒரு வருஷம் நர்சரிக்குப் போயும் ஏ, பி, சி, டி முழுதாகச் சொல்லத் தெரியவில்லை, கான்வென்ட்டில் நேர்முகத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், கூட்டிப்போங்கள் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான் ஐயா. மதி இப்போது போகிற அந்த மயிலாப்பூர்ப் பள்ளியில் சிலேட்டும் இல்லை, அதட்டலும் இல்லை. பிள்ளைகள்தான் கேள்வி கேட்க வேண்டுமாம், பதிலையும் அதுகளே தேட வேண்டுமாம். வானம் ஏன் நீலம் என்று மதி கேட்டால் டீச்சர் வஜீஹா மிஸ், "உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்கிறார். பதில் தெரியாதவரை எப்படி வேலைக்கு வைத்தார்கள் என்று நான் புலம்பாத நாளில்லை.

நேற்று அங்கே பெற்றோர் வந்து பார்க்கும் நாள். குழந்தைகள் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று முன்னாடியே சொல்லியனுப்பினார்கள். நம் வீட்டுப் பிள்ளை கேள்வியில்லாமல் நிற்கலாமா? தினமும் சாயங்காலம் உட்காரவைத்து ஒரு டஜன் கேள்விகளை மனப்பாடம் பண்ணவைத்தேன். மதி போய்க் கையைக் கட்டிக்கொண்டு, மழை ஏன் பெய்கிறது கடல் ஏன் கரிக்கிறது மீனுக்கு ஏன் குளிரவில்லை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்து, "நன்றி வணக்கம்" என்று கும்பிட்டாள். நான் மட்டும் கைதட்டினேன்.

மிஸ் குனிந்து, "இதுல எதுக்கு உனக்குப் பதில் வேணும், மதி?" என்றார்.

"எதுக்கும் வேணாம் மிஸ். ஆச்சிதான் கேக்கச் சொன்னாங்க."

கூடமே சிரித்தது. உன் பெண்டாட்டி ஜெயஸ்ரீ என்னைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. அதற்குள் மதி, நான் குடிக்கக் கொண்டுபோன சொம்பைக் காலிபண்ணி அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டாள், மிதந்தது. டிபன் டப்பா ஸ்பூனைப் போட்டாள், முங்கியது. "மிஸ்! ஸ்பூன் குட்டி, சொம்பு குண்டு. ரெண்டும் எவர்சில்வர். குண்டு ஏன் முங்கல?"

இத்தனை வருஷம் பாத்திரக்கடைக்காரர் பெண்டாட்டியாக இருக்கிறேன், எனக்கு இது தோன்றவேயில்லை. ஒரு அப்பா, இன்ஜினியராம், விளக்க வாயைத் திறந்தார். "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் மிஸ். அப்புறம் பிள்ளைகள் ரப்பர், செருப்பு, இலை எல்லாம் போட்டுப் பார்க்க, நானும் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து என் கண்ணாடிக்கூட்டைப் போட்டேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை, கடைச் சரக்கெல்லாம் குளியலறைத் தொட்டியில் மிதந்தது. "ஏட்டி, நான் யாவாரம் பண்ணவா, தெப்பம் விடவா?" என்று உங்கப்பா கத்தினார். கத்திவிட்டு அவரும் ஒரு தட்டை விட்டுப் பார்த்தார். ராத்திரி சாப்பிடும்போது மதி சொல்கிறாள், "சொம்புக்குள்ள தண்ணி பூந்தாதான் முங்குது ஆச்சி, காத்து இருந்தா முங்கல." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையடா!

ஏ, பி, சி, டி எங்கேயும் ஓடிப்போகாது. ஆனாலும் தகப்பன் நீ. வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு நீ சொன்னபடி கூட்டிப்போகிறோம். இடம் கிடைத்தால் சேர்ப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு, நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருப்பாய்.

உன் அம்மா,
சரோஜாதேவி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. போனோம். சிஸ்டர் ஆப்பிள் படத்தைக் காட்டி என்ன நிறம் என்றார். "வெளியிலயா, உள்ளயா?" என்றாள் மதி. சிஸ்டர் சிரித்துவிட்டு இடம் கொடுத்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் மதி, "ஆச்சி, இங்க எல்லாக் கேள்வியும் அவங்களே கேக்கறாங்க. நான் எப்போ கேக்கறது?" என்றாள். நான் திரும்ப உள்ளே போய், இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜெயஸ்ரீயைக் கோபிக்காதே. அவள் அப்போது ரோட்டில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.