கருணை மதிப்பெண்ணில் தேறிய மாப்பிள்ளை

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புமிக்க மைத்துனர் முத்துக்கிருஷ்ணனுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். தாம்பரத்தில் நீங்கள் எல்லாரும் சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா மகள் பொன்செல்விக்கு நீங்கள் பார்த்த இன்ஜினியர் கோமதிசங்கர்தான் மாப்பிள்ளை. இதில் மாற்றமில்லை. அவளோ கரிவலம்வந்தநல்லூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் தங்கப்பழத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். முப்பத்து மூன்று ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவன் சத்தம் போட்டா ஜெயிப்பேன்? இரண்டு பேரும் ஆயுள் முழுக்க என்ன சம்பாதிப்பார்கள் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டேன்.

முதல் சுற்றில் தங்கப்பழம் நாற்பத்தொரு லட்சம் முந்தினான். காரணம் எளிது. அவன் ஐடிஐ முடித்துப் பத்தொன்பது வயதிலேயே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான். கோமதிசங்கர் அந்த வயதில் கல்லூரிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார், பிறகு அந்தக் கடனை அடைத்தார், பிறகு சென்னை வாடகை. சரி, மோட்டார் தூக்குகிறவனுக்கு முட்டி எத்தனை நாள் தாங்கும்? ஐம்பது வயதில் அவனுக்கு ஓய்வு கொடுத்தேன். அப்படியும் மூன்று லட்சம் முந்தினான். முப்பத்திரண்டு வாங்கிய பையனுக்கு மூன்று மார்க் போட்டுத் தேற்றிவிடுவது என் வழக்கம்தானே; கோமதிசங்கரை இரண்டு ஆண்டு அமெரிக்காவுக்கு அனுப்பினேன். தேறிவிட்டார். உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "மோட்டார் தூக்குதவனுக்கு முட்டி போவும்னு எழுதியிருக்கிய, நாள் பூரா உக்காந்தே கெடக்கவனுக்கு முதுகு போவாதோ?" என்றாள். முதுகுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை கோமதிசங்கர் வீட்டாரைக் கையோடு அழைத்து வாருங்கள். வெற்றிலை மாற்றிவிடுவோம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
பொன்னுச்சாமி,
ஆசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையில் போடுமுன் பிழை பார்க்கப் பொன்செல்வியிடம் கொடுத்தேன். "யப்பா, ரெண்டு பேரு சம்பாத்தியத்தையும் ஆயுசு முழுக்கப் போட்டிருக்கிய. பேங்க்ல நான் வாங்குத சம்பளம் எங்கன?" என்று கேட்டாள். கணக்குத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இல்லை. "அதையும் சேத்தா யாரும்மா தேறுதான்?" என்றேன். "ரெண்டு பேருந்தான். அதான் பிடிச்சவரைக் கேக்கேன்" என்றாள். வெள்ளிக்கிழமை நீங்கள் மட்டும் வந்தால் போதும். தங்கப்பழம் வீட்டார் பத்து மணி பஸ்ஸில் வருகிறார்கள்.