ஆமென் வரைக்கும் அறுபத்தெட்டு கிலோ

ஹின்டர்பாக், ஷ்வீட்ஸ் மாநிலம்
அக்டோபர் 14, திங்கட்கிழமை

கிறிஸ்துவில் என் அன்புத் தங்கை சிஸ்டர் வால்பூர்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் முழங்கால் வீக்கம் வற்றியிருக்கும் என்றும், மடத்தில் அனைவரும் நலமென்றும் நம்புகிறேன். நான் நலமாக இல்லை. எழுபத்தொன்பது வயதில் ஒருத்திக்கு இப்படி ஓர் அதிர்ச்சி தேவையா என்று நேற்றிலிருந்து கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்து வரிசை தப்பியிருக்கும், பொறுத்துக்கொள். பள்ளியில் நமக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த மதர் எர்மெலிண்டா இதைப் பார்த்தால் தாளைக் கிழித்து இன்னொன்று கொடுத்திருப்பார்.

நேற்று கோயில் திருவிழா. பூசை முடிந்ததும் கல் தூக்கும் போட்டி. விதி உனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன்னைச் சாட்சியாக அழைக்கப் போவதால் சொல்லிவிடுகிறேன். ஓடையில் கிடந்த அந்த அறுபத்தெட்டு கிலோ கல்லை, பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாத அந்த வழுக்குக் கல்லை, தரையிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு ஏற்றி, தலைக்கு மேலே முழங்கை மடங்காமல் உயர்த்தி, ஒரு முழு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடியும்வரை அப்படியே நிற்க வேண்டும். செபம் சொல்வது கடைசியாக வென்றவர் வீட்டுப் பெண். 1949-இல் அப்பா வென்றார். 1971-இல் என் மெயின்ராட். அதன் பிறகு ஐம்பத்து மூன்று வருடமாக எவரும் இல்லை. விடுதிச் சுவரில் தொங்கும் பலகையில் அவர் பெயர்தான் உச்சியில் இருக்கிறது. நான் முதலில் அப்பாவின் மகளாகவும் பிறகு மெயின்ராட்டின் மனைவியாகவும், இப்போது விதவையாகவும், கல்லுக்குப் பக்கத்தில் நின்று செபம் சொல்லி வருகிறேன். இந்த ஊரில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் இடம் அந்த மூன்றடி புல்தரைதான்.

நான் நிதானமாகச் சொல்கிறேன் என்று ஒரு புகார் உண்டு. காற்புள்ளிக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு மூச்சு என்றுதான் நமக்குக் கற்பித்தார்கள். ஒவ்வொரு வருடமும் தடிதடியான ஆண்கள் கல்லை உயர்த்திவிட்டு, பாதிச் செபத்தில் போட்டுவிட்டு, என்னை முறைப்பார்கள். நேற்றும் இரண்டு பேர் போட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருவன், “அக்கா, கமாவை எல்லாம் வீட்டுல வெச்சுட்டு வரக்கூடாதா?” என்றான். இன்னொருவன், “சும்மா இருடா, மாதாவுக்கே கடைசி பஸ் போயிடும் போல” என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக வந்தது யார் என்று நினைக்கிறாய்? சீஸ் பண்ணை மருமகள் அகதா! முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். பூசைக்குப் போட்டுவந்த பாவாடையைக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்தாள், உள்ளே அரைக்கால்சட்டை. என் மயக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. விடுதிக்காரன் ஓத்மார்தான் போட்டிக் குழுத் தலைவன். “இதுக்கு விதி இருக்கா?” என்று கேட்டேன். “பொம்பளைங்க தூக்க வேண்டாம்னு விதி இல்லக்கா, யாருக்கும் தோணல, அதனால எழுதல” என்றான். அவள் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு, “அத்தை, தினமும் முப்பத்தஞ்சு கிலோ சீஸ் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போடறேன். அதுவும் வழுக்கத்தான் செய்யுது. நீங்க மெதுவாவே சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல” என்றாள். அவசரமில்லையாம்!

கல் மேலே போனது. ஒரு முனகல்கூட இல்லை. கை இரண்டும் தூண் மாதிரி. நான் செபத்தைத் தொடங்கினேன். ஒவ்வொரு நிறுத்தத்தையும் கொடுத்தேன், ஒன்றைக்கூட விழுங்கவில்லை. முக்கால் செபம் முடிந்து “இப்பொழுதும்” என்ற சொல்வரை வந்தேன். வால்பூர்கா, அங்கே என் தலை வெறுமையானது. எழுபத்தைந்து வருடமாகச் சொல்லும் செபம்! அதிர்ச்சியில் அடுத்த சொல் வரவில்லை. வேறு வழியில்லாமல் முதலிலிருந்து தொடங்கினேன். கூட்டம் “ஐயோ” என்றது. மேலே கல்லோடு நின்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “மறுபடியுமா, அத்தை?” என்றாள். முகம் பீட்ரூட் நிறம். ஆனால் நின்றாள். நான் ஆமென் சொல்லும்வரை நின்றாள். கல் கீழே விழுந்தபோது கோயில் சன்னல்கூட அதிர்ந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அதற்குள் ஆண்கள் அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள், அதே அரைக்கால்சட்டையோடு.

அதோடு முடிந்ததா? இப்போது ஊர் முழுவதும் எனக்கு நினைவு தப்பிவிட்டது என்று பேச்சு. ரொட்டிக் கடையில் கடைக்காரி எனக்குக் காது கேட்காதது போல, “இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பாப்போம்?” என்றாள். திங்கட்கிழமை, அம்மணி, உங்கள் ரொட்டி சனிக்கிழமையுடையது என்றேன். அண்ணன் மகன் லீனுஸ் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து, “அத்தை, ஒரு கடிகாரம் வரையுங்க, மூணே கால் காட்டுங்க” என்கிறான். வரைந்தேன். ரோமன் எண்களில் வரைந்தேன். அவன் அதையும் மருத்துவரிடம் காட்டப் போகிறானாம். முதியோர் இல்லத்தில் ஏரியைப் பார்த்த அறை ஒன்று காலியாக இருக்கிறது என்று யதேச்சையாகச் சொல்வது போல் சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே உன்னை வேண்டிக்கொள்வது இரண்டு. ஒன்று, அந்த வெற்றி செல்லாது என்று குழுவுக்கு நீ எழுத வேண்டும். விதி ஒரு செபம் என்கிறது, நேற்று நடந்தது ஒன்றே முக்கால். இரண்டு, 1971-இல் நீயும் மைதானத்தில் இருந்தாய். மெயின்ராட் முழுச் செபத்துக்கும் நின்றார் என்று சாட்சி எழுதி, மடத்து முத்திரை வைத்து அனுப்பு. இல்லாவிட்டால் அடுத்த வருடம் கல்லருகே அகதாவின் மாமியார் நிற்பாள். அவள் செபம் சொன்னால் ஏலம் போடுவது போல இருக்கும்.

மதர் அவர்களுக்கு என் வணக்கம். கன்னிமாதா உன்னைத் தன் மேலாடையால் மூடிக் காப்பாராக. முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டு.

உன் அக்கா,
கிரெசென்ஸியா

பின்குறிப்பு (செவ்வாய்): உறையை ஒட்டியபின் பிரித்துவிட்டேன். லீனுஸ் புதன்கிழமைக்கு நினைவு மருத்துவரிடம் நேரமே வாங்கிவிட்டான். பாவி என்று பெயர் எடுத்தாலும் எடுப்பேன், புத்தி மழுங்கியவள் என்று எடுக்க மாட்டேன். நான் மறக்கவில்லை. அவள் கை அசையவில்லை என்று கண்டதும் வேண்டுமென்றேதான் தொடக்கத்துக்குத் திரும்பினேன். காலையில் ஓத்மாரையும் கூட்டிக்கொண்டு சீஸ் பண்ணைக்கே போய் இதைச் சொன்னேன். ஓத்மாருக்குத்தான் வாய் மூடவில்லை. அகதா கையைத் துடைத்துக்கொண்டு, “தெரியும் அத்தை. நீங்களாவது செபத்தை மறக்கறதாவது! ரெண்டாவது தடவை ஆரம்பிச்சப்ப வந்த கோவத்துலதான் கல்லோட கனமே தெரியல” என்றாள். பிறகு காப்பி கொடுத்து, “மெயின்ராட் மாமா அந்தக் காலத்துல எவ்வளவு நேரம் நின்னாரு?” என்று கேட்டாள். ஒரு செபத்துக்கு வேண்டிய நேரம் என்றேன். அது பொய், உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு அவர் முழங்கை நடுங்கத் தொடங்கியது. நான் பாதிச் செபம்கூட ஆகாமல், “பெண்களுக்குள்” என்பதிலிருந்து நேரே ஆமென்னுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நவம்பரில் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

அகதாவின் பெயரைப் பலகையில் உச்சியில் செதுக்கச் சொல்லிவிட்டேன். நான் கேட்ட சாட்சிக் கடிதம் வேண்டாம். மெயின்ராட்டின் பெயரை எடுப்பதா, விடுவதா என்று நீயே செபித்து முடிவு செய்து எழுது. எடுக்கத்தான் வேண்டும் என்றால், அவசரமில்லை. கடிதம் தபாலில் தொலைந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.