சோப்பு நைனாவின் நாக்கு

திருத்தணியில் முருகனுக்கு அடுத்தபடியாக அதிகம் பேரை அழவைத்தவர் சோப்பு நைனாதான். முருகன் சன்னதியில் பக்தியால் அழுதார்கள். நைனாவிடம் அழுதது கண்ணெரிச்சலால்.

யுத்த காலம். கடைச் சோப்பு கண்ணில் படுவதே அபூர்வம். ரயில்வே குமாஸ்தாவான நான் நைனா வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். பின்கட்டில் அவர் எண்ணெயையும் சோடா காரத்தையும் கலந்து, அடுப்பே மூட்டாமல் சோப்பு செய்வார். மொட்டை போட்டுக்கொண்டு குளத்துக்கு வரும் பக்தர்களிடம் விற்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொட்டைத் தலைக்கும் சோப்புக்கும் முடிச்சுப் போட்டவர் இவர் ஒருவர்தான்.

சங்கடம் என்னவென்றால், இரண்டு ஈடு ஒரே மாதிரி வராது. ஒன்று களி மாதிரி குழைந்து, இலையில் மடித்துக் கொடுக்கவேண்டியிருக்கும். அடுத்தது மேலெல்லாம் வெள்ளை பூத்து, சாக்பீஸாக உதிரும். அதைத் தேய்த்துக்கொண்ட ஒரு கடப்பைக்காரர், வெள்ளையடித்த மண்டையோடு வந்து கத்தினார்.

"ஏமய்யா, இதி சப்பா, சுன்னமா?"

சோப்பா, சுண்ணாம்பா என்கிறார். நைனா அசரவில்லை.

"சாமி, மொட்டைக்கு சந்தனம் பூசற செலவு மிச்சம். போங்க, போங்க."

குறை எங்கே என்று அவர் தேடாத இடமில்லை. ஒருநாள் மேல்காற்றின் மேல் பழி. இன்னொரு நாள் மெயில் வண்டி போகிற அதிர்வின் மேல். ஒருநாள் என் மேலேயே போட்டார். "நீ தும்மின பாரு தம்பி, அங்கதான் கெட்டுது." தன் அளவை மட்டும் சந்தேகிக்க மாட்டார். எந்த ஈடானாலும் ஒரே கொட்டாங்கச்சி காரம்தான்.

ஒவ்வொரு கட்டியையும் நாக்கால் தொட்டுப் பார்ப்பார். சுருக்கென்று கடித்தால் காரம் அதிகம் என்று அர்த்தம். சோப்பு தேறவில்லை, நாக்குதான் செத்துப்போனது. அவர் மனைவி ராஜம்மா அக்காவின் ரசத்துக்காகவே நான் மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவன். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு இந்த மனிதர் தினமும் சொன்னார்: "இன்னாம்மே இது, உப்பே இல்ல? வெந்நீரா வெச்சிகினு கீற?"

ஒருநாள் அக்கா கரண்டியைத் தூக்கிப் போட்டாள்.

"சோப்ப நக்கற நாக்குக்கு ரசம் இன்னா தெரியும்? ஒழுங்கா ஒரு கட்டி செஞ்சி காட்டு. அப்பால வரேன்."

பொதட்டூர்பேட்டையில் இருந்த தாய்வீட்டுக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியால் ஓடிய பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நைனா கொஞ்ச நாள் வீரமாகத் திரிந்தார். பிறகு பஸ் ஹாரன் கேட்டாலே எழுந்து நிற்க ஆரம்பித்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. இருவரும் என் சமையலைத்தான் சாப்பிட்டோம். நாக்கு செத்திருந்தது அவர் செய்த புண்ணியம்.

அக்காவின் தம்பி, தறிக்காரன், லுங்கி மூட்டையோடு வந்தான்.

"பாவா, அக்கா ஒண்ணு கேக்கச் சொல்லிச்சி. எண்ணெய் எங்கேந்து எடுக்கற?"

"மலைப்படி வெளக்குல மிஞ்சினதுதான்டா. சாமிக்கு எரிஞ்ச எண்ணெய்!"

"ஒருத்தர் நெய் ஊத்துவாங்க, ஒருத்தர் நல்லெண்ணெய், ஒருத்தர் வெளக்கெண்ணெய். அத்தினிக்கும் ஒரே அளவு காரமா? பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் ஒரே தண்ணியா வெப்பாங்கன்னு கேட்டுச்சி."

நைனா தன் கொட்டாங்கச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செக்கிலிருந்து தேங்காயெண்ணெய் மட்டும் வாங்கினார். காரத்தைக் கூட்டிக் குறைத்து அளவு கண்டுபிடித்தார். கட்டிகளை நிழலில் அடுக்கி, வாரக்கணக்காக உலரவிட்டார். நாக்கால் தொடவே இல்லை. "அவ வந்து பாக்கட்டும்" என்றார்.

தகவல் போனது, அக்கா வந்தாள். கட்டியை நகத்தால் கீறினாள். நாக்கு நுனியால் தொட்டாள்.

"ஆங், இது சோப்பு."

அன்று மதியம் ரசம். சந்தோஷமோ படபடப்போ, அக்கா உப்புப் போடவே மறந்துவிட்டாள். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் கரண்டியும் கையுமாக நைனா எதிரில் நின்றாள்.

"உப்பு எப்டி கீது?"

நைனா கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தார்.

"கச்சிதம்மே."

பாவம், நாக்கு இன்னும் தேறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் சமையலறைக்குள் போனதும் நைனா என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அந்த ஆவக்கா ஊறுகாய இப்படித் தள்ளு. அவ வர்றதுக்குள்ள."

தள்ளினேன். அக்கா திரும்பி வந்ததும், அந்த உப்பில்லாத ரசத்தை நானும் இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதைவிட ருசியான ரசம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.