ஆளில்லாத சாலைக்கு அலைபவர்

ஊரே கிளம்பும்போது கிளம்பாமல், ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது பையை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிற ஓர் இனம் உண்டு. கோடையில் போகிறவர்கள் எல்லாம் இவருக்கு வெறும் கூட்டம். இவர் ஒருவர்தான் பயணி. எங்கள் தலைநகர் மொந்தேவிதேயோவில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். எங்கள் தெருவுக்கு வில்மார்.

எங்கள் நாட்டில் ஜூலைதான் நடுக்குளிர்காலம். அந்தக் குளிரில் மனைவி மாபேலை எழுப்பி, பேருந்தில் ஏற்றி, மினாஸ் ஊருக்கு அப்பால் புல்வெளிச் சாலையில் இறக்கி நடக்கவிட்டார். இறங்கியது முதல் அமைதியின் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அமைதிக்குத்தான் நுழைய இடம் கிடைக்கவில்லை. குதிரையில் மாடு ஓட்டி வந்த ஒருவர் கை உயர்த்தி வணக்கம் சொன்னார். வில்மாரும் கையசைத்துவிட்டு, அதே மூச்சில், "பாத்தியா மாபேல், கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மனுஷன் இல்ல" என்றார்.

மாபேல் கேட்டதெல்லாம் சூடாக ஒரு வாய் மாத்தே, எங்கள் இலைப் பானம். வெந்நீர் ஃபிளாஸ்க் வில்மாரின் அக்குளில் பத்திரமாக இருந்தது. எங்கள் நாட்டில் பிள்ளையை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து பையைத் திறந்தால், சுரைக்குடுக்கை இருக்கிறது, உறிஞ்சுகுழல் இருக்கிறது, இலைத்தூள் இல்லை. பக்கத்தில் கடை உண்டா என்று அவள் கேட்டாள். இந்த மாதத்தில் ஒரு கடையும் திறக்காது என்று, ஏதோ தானே பூட்டிவிட்டு வந்தவர்போலப் பெருமையாகச் சொன்னார்.

அப்போது எதிர்த்திசையிலிருந்து ஒரு சிவப்புத் தொப்பிக்காரரும் அவர் மனைவியும் வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். வில்மாரின் முகம் தொங்கிவிட்டது. தொப்பிக்காரர் முகமும் அப்படியே. அந்த அம்மாள் குடுக்கை நிறைய இலைத்தூளைப் போட்டுவிட்டு ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தாள். உடைந்த கண்ணாடிச் சில்லுதான் கொட்டியது.

"பாக்காத. பாத்தா பேச வந்துருவாங்க" என்றார் வில்மார்.

"வந்தா என்னய்யா, கடிச்சிருவாங்களா?"

தொப்பிக்காரர் எதிரே இருந்த குன்றிடம், "போன ஜூலையில இங்க ஈ காக்கா இல்ல" என்றார்.

வில்மாருக்குப் பொறுக்குமா? தன் பக்கத்துக் குன்றிடம், "நாங்க ஆகஸ்ட்ல ஆலங்கட்டி மழையில வந்தோம்" என்றார்.

"ஆகஸ்டா? அப்பக் கூட்டமா இருந்திருக்குமே."

மாபேல் எழுந்தாள். கணவனின் அக்குளிலிருந்து ஃபிளாஸ்க்கை உருவிக்கொண்டு சாலையைக் கடந்தாள். வெந்நீர் பட்டதும் தூள் நுரைத்தது. குடுக்கை ஒன்று, குழல் ஒன்று. வட்டத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே முறை வரும் என்பதுதான் வழக்கம். ஆண்கள் இருவரும் எழுந்து நின்று ஆளுக்கொரு குன்றைப் பார்த்தபடி, முதுகுக்கு முதுகு காட்டித் தத்தம் தனிமையைக் காவல் காத்தார்கள். வில்மாரின் கை மட்டும், இல்லாத ஃபிளாஸ்க்கை இடுக்கியபடியே விறைத்து நின்றது.

மாட்டைப் பட்டியில் அடைத்துவிட்டுத் திரும்பிய குதிரைக்காரர் இறங்கி வட்டத்தில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த வெந்நீர் முழுவதையும் அவருக்கே ஊற்றினாள் மாபேல்.

"அங்க நிக்கிறது யாருங்கம்மா?" என்று கேட்டார் அவர்.

மாபேல் சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "எங்கண்ணே? கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மனுஷன் இல்லியே."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை எங்கேயோ மலைக்குப் போய்வந்து, "கூட்டமே இல்ல, நாங்க மட்டுந்தான்" என்று அலுவலகம் முழுக்கச் சொன்னீர்களே, அங்கே உங்களுக்கு வழி காட்டியவர் யார்?