தனசிங் சாரோட வியாதி நோட்டு

"அறுவத்தெட்டு!" மூணாவது தடவையா கூட்டிப் பாத்துட்டு தனசிங் சார் பென்சிலை டேபிள் மேல போட்டாரு. எப்படிக் கூட்டினாலும் அதே அறுவத்தெட்டு.

"என்னங்க, சோறு ஆறுது" ரத்தினபாய் அடுக்களையிலேர்ந்து கூப்பிட்டுட்டு இருமினாங்க. அது சும்மா இருமல் இல்லை, இழுப்பு. நெஞ்சுக்குள்ள யாரோ ஓட்டை விசில் ஊதுற மாதிரி இருக்கும்.

"ஆறட்டும் ரத்தினம். காவாயை சுத்தம் பண்றதுக்கு முன்னாடி வியாதிக்காரங்க முப்பத்தொரு பேரு. சுத்தம் பண்ணப்புறம் அறுவத்தெட்டு. எந்த ஊர்லயாவது நடக்குமா இது?"

பம்மல்ல தோல் கம்பெனிங்க தண்ணியெல்லாம் வந்து விழற காவா ஒண்ணு இருந்துது. பட்டுப்போன ரோஜா கலர்ல, நுரை தள்ளிக்கிட்டு ஓடும். எழுபத்தி மூணாம் வருஷம் மழை விட்டதும் சர்க்கார்ல ஆளு விட்டு அதோட மேல்பாதியைத் தூர் வாரினாங்க. தோல் கம்பெனிலேர்ந்து பாலம் வரைக்கும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. வாத்துகூட வந்து நீந்துச்சுன்னா பாத்துக்கோங்க. ஆனா மேல கலக்கினதெல்லாம் எங்க போகும்? பாலத்துக்கு இந்தாண்ட, கீழ்பாதியில வந்து நின்னுடுச்சு. அந்தக் கீழ்பாதியிலதான் தனசிங் சார் வீட்டுக் கொல்லைப்புறம். ரத்தினபாய் சீதனமா கொண்டுவந்த வெள்ளி டம்ளர் அந்த நாத்தத்துல ஒரே வாரத்துல கரிக்கட்டை ஆயிடுச்சு. வெள்ளியே கறுத்துப்போச்சுன்னா நெஞ்சு என்னாகும்?

டாக்டரும் கண்டிப்பா சொல்லிட்டாரு. "இந்தக் காத்துல இன்னொரு மழைக்காலம் தாங்காது சார். ஒண்ணு காவாயை சுத்தம் பண்ணுங்க, இல்லை வீட்டை மாத்துங்க."

வீட்டை எங்க மாத்தறது? ரத்தினபாயோட அப்பா கட்டின வீடு. வாங்க வந்தவன்லாம் வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு திரும்பிப் போயிட்டான்.

தனசிங் சார் ஹெல்த் ஆபீஸ்ல கிளார்க்கு. காவாக்கரை மேல்பாதியில இருக்கிற அறுவத்திரண்டு வீட்டுலயும் யார் யாருக்கு என்ன வியாதின்னு, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பேரோட எழுதற வேலையை அவர்கிட்டதான் குடுத்திருந்தாங்க. பெரிய ஆபீசர் சுந்தரராமன் கூப்பிட்டு அழுத்திச் சொல்லியிருந்தாரு.

"வியாதி பாதியாவது குறைஞ்சிருக்கணும் மிஸ்டர் தனசிங். அப்பதான் கீழ்பாதிக்கு சாங்ஷன். இல்லைன்னா ஃபைலை மூடிடுவாங்க."

இப்ப புரியுதா அவருக்கு ஏன் சோறு இறங்கலைன்னு?

இத்தனைக்கும் ஆரம்பம் நல்லாத்தான் இருந்துது. முதல் வீடு டெய்லர் ஜெயவேலு வீடு. முன்னாடி அவங்கம்மாவுக்கு உடம்பெல்லாம் சொறி. இப்ப கிழவி வாசல்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்துது. ஒரு புள்ளி கிடையாது. தனசிங் சாருக்கு சந்தோஷம் தாங்கலை. பழைய பேரை அடிச்சாரு.

"அப்ப உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"கீதே சார். எம் மச்சான் கீறான். ரெண்டு வருசமா வயித்து வலி. எழுதிக்கோ."

"போன தடவை மச்சானே இல்லையே?"

"இப்ப கீறான் சார். எழுது எழுது. நல்லா தெளிவா எழுது."

எல்லா வீட்டுலயும் இதே கதைதான். பழைய ஆளுக்கு குணம், புது ஆளுக்கு வியாதி. மீன்காரி பூவம்மாதான் கூடையை இறக்கி வெச்சுட்டு சிரிச்சா. அவளுக்கு அந்தக் காவாக்கரையில தெரியாத வீடு கிடையாது.

"ஜெயவேலு மச்சானா? அவன் வண்டலூர்ல இல்ல கீறான்! அடுத்த வூட்டு சரளா எழுதச் சொல்லிச்சே அக்கா பேரு, அது செங்கல்பட்டு. நீ எழுதினதுல பாதி பேரு இந்த ஊரே இல்ல சார்."

தனசிங் சாருக்கு உயிர் வந்துது. அட, இவ்வளவுதானா! சர்க்கார் நிவாரணம் ஏதோ வரப்போவுதுன்னு ஊருக்குள்ள புரளி, அதான் இல்லாதவன் பேரையெல்லாம் ஏத்தறாங்கன்னு முடிவு கட்டினாரு. மறுநாளே பாலத்து மேல நின்னு சத்தமா சொல்லிட்டாரு.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இங்க வந்து தங்கியிருக்கிறவங்க பேரைத்தான் எழுதுவேன். ஆளைக் கண்ணால பாத்தாத்தான் எழுதுவேன். அடுத்த திங்கக்கிழமை வரேன்."

சொல்லிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டாரு பாவம்.

திங்கக்கிழமை போனா, காவாக்கரையில திருவிழாக் கூட்டம். வண்டலூர் மச்சான் கட்டில் போட்டு படுத்திருக்கான். செங்கல்பட்டு அக்கா ரெண்டு குழந்தையோட வந்து இறங்கியிருக்கா. ஒருத்தர் ஆரணியிலேர்ந்து பக்கவாதத்துல விழுந்த மாமனாரை மாட்டு வண்டியில தூக்கிட்டு வந்திருக்காரு.

"வந்து தங்கியாச்சு சார். கண்ணால பாத்துக்கோ" ஜெயவேலு மச்சானோட போர்வையை விலக்கிக் காட்டினான்.

இவரே போட்ட சட்டம், இவரே எப்படி மீறறது? எழுதினாரு. நூத்தி நாப்பத்திரண்டு.

அதோட போச்சா? ஒரு வீட்டுக்கு பன்னண்டு பேரு, பதிமூணு பேரு. ரெண்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். பத்தே நாள்ல இல்லாத பேதியும் நிஜமாவே வந்துடுச்சு. ஆரணி மாமனாருக்கு காய்ச்சல், அவரைப் பாத்துக்கிட்ட மகளுக்கு காய்ச்சல். அதெல்லாம் பொய்க்கணக்கு இல்லை பாருங்க, அத்தனையும் அசல் வியாதி.

தனசிங் சார் கெஞ்சிப் பாத்தாரு. "இங்க பாருங்கம்மா, இந்த நோட்டுல பேர் இருந்தா பணம் வராது. பட்டா வராது. இலவச சேலைகூட வராது. ஒண்ணுமே கிடைக்காது!"

"அதெல்லாம் யாரு சார் கேட்டாங்க?" சரளாவுக்கு கோவமே வந்துடுச்சு. "எங்கக்கா பேரு ஏறிச்சா இல்லையா, அத்த சொல்லு."

"ஏறிடுச்சும்மா."

சரளா கண்ணை மூடி கும்பிட்டா. என்ன ஜனங்களோ, கணக்கெடுப்புக்கு கும்பிடு போடற ஜனத்தை அவரு அன்னிக்குத்தான் பாத்தாரு.

வீட்டுல ரத்தினபாய்க்கு ராத்திரி படுக்க முடியலை. தலகாணியை சாய்ச்சு வெச்சுக்கிட்டு உக்காந்தபடியே தூங்கினாங்க. ஒரு நாள் காலையில அவங்களே சொன்னாங்க.

"என்னங்க... வெளியூர் ஆளுங்க பேரை மட்டும்... ரப்பர்ல அழிச்சுடுங்களேன். அது பொய்யில்லையே?"

அவரு சர்ச்சுல செக்ரட்டரி. பொய்க்கணக்கு எழுத கை வராது. ஆனா இது பொய்யில்லைதான். வெளியூர் ஆளு வெளியூர் ஆளுதானே? மனசை தேத்திக்கிட்டு மூணு பேரை அழிச்சாரு. அதோட நோட்டை மூடி வெச்சுட்டாரு.

மறுநாள் ஜெயவேலு, "எம் மச்சான் பேரு எத்தினியாவது கீது சார், பாப்போம்"னு நோட்டை வாங்கிப் புரட்டினான். அவ்வளவுதான். நடுத்தெருவுல உக்காந்து ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டான்.

"அழிச்சிட்டியே சார்! அவனுக்கு ரெண்டு பொட்டைப் புள்ளைங்க கீது சார்! அவன் உனக்கு இன்னா துரோகம் பண்ணான்?"

"யோவ், ஜெயவேலு, ஆளு உயிரோடதானேய்யா இருக்கான்! பேரைத்தானே அழிச்சேன்!"

"பேரைத்தானேவா? கேட்டுக்கினியா பூவம்மா, பேரைத்தானேன்றாரு!"

பூவம்மா கன்னத்துல போட்டுக்கிட்டா. மச்சானோட பொண்டாட்டி தனசிங் சார் கால்ல விழுந்துட்டா. அவரு பதறிப்போயி அங்கேயே தெருவுல குந்தி, மூணு பேரையும் திரும்ப எழுதினாரு, அதுவும் பேனாவால. இங்க்குல எழுதினதைப் பாத்த மத்தவங்க சும்மா இருப்பாங்களா?

"எங்களுக்கு மட்டும் இன்னா சார் பென்சிலு? நாங்க இன்னா எளக்காரமா?"

உக்காந்து நூத்தி நாப்பத்திரண்டு பேரையும் இங்க்குல எழுதி முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. அதுக்குள்ள பொழிச்சலூர்லேர்ந்து இருபது பேரு வந்து வரிசையில நின்னுட்டாங்க. அவங்களும் இங்க வந்து தங்கப் போறாங்களாம்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்தவரு நோட்டை பீரோவுல வெச்சுப் பூட்டினாரு. "இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன் ரத்தினம். எழுதினாத்தானே ஏறும்?"

அவரு போகலைன்னா என்ன, அவங்க வந்துட்டாங்க. வியாழக்கிழமை காலையில கதவைத் திறந்தா, வாசல்லேர்ந்து தெருமுனை வரைக்கும் ஜனம். பாயைப் போட்டு படுத்திருக்காங்க, இருமறாங்க, முனகறாங்க. ஆரணி மாமனாரை கட்டிலோட தூக்கிட்டு வந்து கேட்டுக்கு நேரா வெச்சிருக்காங்க.

சரியா அந்த நேரம் பாத்து ஹெல்த் ஆபீஸ் ஜீப்பு வந்து நின்னுது. சுந்தரராமன் கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கினாரு. ரிப்போர்ட் வரலைன்னு நேர்லயே பாக்க வந்திருக்காரு.

"மிஸ்டர் தனசிங், யாரு இவங்க எல்லாம்?"

"மேல்பாதியில... இப்ப... தங்கியிருக்கிறவங்க சார்."

"சுத்தம் பண்ண மேல்பாதியிலயா? நோட்டைக் கொண்டாங்க."

பீரோ திறந்துது. நோட்டைப் பாத்ததும் கூட்டமே எழுந்து நின்னுது. ஆரணி மாமனார்கூட ஒரு கையைத் தூக்கினாரு. சுந்தரராமன் பக்கம் பக்கமா திருப்பினாரு.

"சார், இதுல பாதிக்கு மேல வெளியூர் ஆளுங்க சார். பழைய முப்பத்தொரு பேருக்கும் குணமாயிடுச்சு சார். காவா நல்லதுதான் பண்ணியிருக்கு..."

"வெளியூர் ஆளை எதுக்குய்யா எழுதினீங்க?"

"வந்து தங்கிட்டாங்க சார், கண்ணால பாத்தா எழுதுவேன்னு நான்தான்..."

"நான் கண்ணால பாக்கறேன்" ஆபீசர் சிவப்பு இங்க்கு பேனாவை எடுத்தாரு. "காவாயை வாரினதால வியாதி கிளம்பியிருக்கு. நல்லவேளை கீழ்பாதியைத் தொடலை. பாவம், உங்க தெருவாவது தப்பிச்சுது."

கீழ்பாதி வேலை வேண்டாம்னு எழுதி, கையெழுத்து போட்டு, ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. நோட்டையும் எடுத்துட்டுப் போயிட்டாரு.

ஜீப்பு பின்னாடியே ஜனமும் ஓடிச்சு. வாசல் காலியாயிடுச்சு. தனசிங் சார் படியில உக்காந்துட்டாரு. அழக்கூட தெம்பில்லை. கொல்லைப்புறத்துக் காத்து குப்புன்னு அடிச்சுது. உள்ள ரத்தினபாய் மூச்சை இழுக்கறது, விடறது, இழுக்கறது. தெரு வரைக்கும் கேட்டுது. அடுத்த மழைக்கு நாலே மாசம்தான் இருந்துது.

பூவம்மா மட்டும் போகலை. கூடையை இறக்கி வெச்சுட்டு, அந்த சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டா. அப்புறம் அவரு பக்கத்துல வந்து மெதுவா கேட்டா.

"ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சிகினே கீறேன் சார். மொதல்ல நீ எழுதிகினு போன முப்பத்தொரு பேரும் மூணே மாசத்துல எழுந்து நடமாடறாங்க. உன் நோட்டுல பேரு ஏறினா வியாதி போயிடும்னுதானே ஊரே உன் பின்னால வந்துச்சு... கட்டின பொண்டாட்டி பேரை மட்டும் நீ ஏன் சார் எழுதல?"